மூன்று நாள் ஊறிய நாபி

ஜூன் 3, திங்கள்

மருந்துக்கான நாபிக் கிழங்கு ஒருவழியாக வந்து சேர்ந்தது, ஒன்றரை மாதம் இழுத்தடித்த பிறகு. பழைய வியாபாரி கடையை மூடிவிட்டதால் இம்முறை புது ஆள். பார்சலைப் பிரித்தால் ஒவ்வொரு கிழங்கும் என் கட்டை விரலைவிடத் தடிமன். இத்தனை காலம் சுண்டுவிரல் அளவில்தான் பார்த்திருக்கிறேன். அருமையான சரக்கு என்றேன். சொர்ணபாய் கையுறையோடு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். பதினொரு வருடமாக என் மருந்தறையில் வேலை செய்கிறாள். அதனால் சரக்கைப் பார்த்து முகம் சுளிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று நினைக்கிறாள்.

வறுவேல் வந்திருந்தார். அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். அறுபத்தொரு வயது, இரண்டு முழங்காலும் கெட்டுவிட்டன. இருபத்துநாலாம் தேதி மகள் அனிஷாவுக்குக் கல்யாணம். கோயிலில் பீடம்வரை மகளைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும், அதற்குள் வலி குறைய வேண்டும் என்கிறார். நாபி சேர்த்த வாதக் குளிகை தீர்ந்து ஒரு மாதமாகிறது. பதினாலாம் தேதி வாருங்கள், கையில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கிளம்பும்போது சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி என்ன பூ என்று கேட்டார்.

எல்லோரும் கேட்பார்கள். சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது சுற்றுலா போன இடத்தில், இமயமலைச் சரிவில் நான் எடுத்த படம். தலையில் முக்காடு போட்டது போல நீலப் பூ. ஆடுகூட அதில் வாய் வைக்காது என்றார் வழிகாட்டி. நாங்கள் ஏழு பெண்கள் அதன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பூவின் கிழங்குதான் நாபி. சுத்தி செய்யாமல், அதாவது நஞ்சை முறிக்காமல், உள்ளே போனால் இதயத்தை நிறுத்திவிடும், முறைப்படி சுத்தி செய்தால் வாதத்துக்கு நான் அதைத்தான் நம்புவேன். இதை நோயாளிகளிடம் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும். சொல்லும்போது அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையும் பிடிக்கும்.

ஜூன் 4, செவ்வாய்

நறுக்கி ஊறப் போட்டாயிற்று. கோமியத்தில் மூன்று நாள், வெயிலில். தினமும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். அதன் பிறகு கழுவி, துணியில் முடிந்து, பாலில் தொங்கவிட்டு வேகவைக்க வேண்டும். என் ஆசிரியர் சொல்லித் தந்ததும் இருபத்தாறு வருடமாக நான் செய்வதும் இதுதான்.

நறுக்கும்போதே சொர்ணபாய் ஆரம்பித்துவிட்டாள்.

"கெழங்கு பெருசால்லா இருக்கு டாக்டரம்மா. கோமியம் உள்ள வர எறங்குமா? இன்னும் ரெண்டு நாளு கூட கெடக்கட்டுமே."

மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான், நீ எந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தாய் என்று கேட்டேன். கோமியம் கொண்டுவந்த பெண்கள் இருவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் அவளும் அவர்கள் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். அதற்குப் பிறகு அவள் துண்டுகளை மெல்லிசாக நறுக்கத் தொடங்கினாள். இப்படி நறுக்கினால் பொழுது போய்விடும் என்று அதையும் நிறுத்தினேன்.

ஜூன் 6, வியாழன்

வானம் மூடாக்கு. பல்வலி. இடது பக்கம், கீழ்க் கடைவாய். கிராம்புத் தைலத்துக்கெல்லாம் மசியவில்லை. ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள் இப்படிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே என்று இவர் கேலி செய்கிறார். முப்பத்திரண்டு வருடம் போஸ்ட் மாஸ்டராக அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல் அடக்கிக்கொண்டிருந்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 7, வெள்ளி

சொர்ணபாய் துண்டுகளைக் கழுவிப் பாலில் வேகவைத்து உலரப் போட்டாள். ராத்திரி முழுக்கப் பல் படுத்தியது.

ஜூன் 8, சனி

பல்லைப் பிடுங்கியாயிற்று. மார்த்தாண்டத்தில் சின்ன வயது டாக்டர்தான், கை நல்ல கை. வேர் வளைந்திருந்ததால் இரண்டு ஊசி போட வேண்டியதாகிவிட்டது. விடும்போது மணி பன்னிரண்டரை. இவர் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்தார்.

வந்ததும் மருந்தறைக்குப் போய் நாபியைப் பார்த்தேன். நன்றாக உலர்ந்திருந்தது. அரிசி அளவு கிள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பதை மட்டும் நான் யாரிடமும் விடுவதில்லை. சுத்தி குறைந்திருந்தால் நாக்கு சுறுசுறுக்கும், அப்புறம் மரத்துப்போகும். பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவரின் நாக்குதான் சோதிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், நான் போட்ட சட்டம். வைத்துப் பார்த்துத் துப்பினேன். ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். திங்களன்று இஞ்சிச் சாறு விட்டு அரைக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

சொர்ணபாய் ஆறவைத்த காப்பி கொண்டுவந்தாள். பாதி சேலையில் போயிற்று, மீதி தரையில். அவள் துணி எடுத்துவந்து துடைத்தாள். இவர் ஒரு பாட்டம் சிரித்தார். சாயந்திரம் கஞ்சி மட்டும்.

ஜூன் 12, புதன்

குளிகை உருட்டி நிழலில் காயப் போட்டோம். வழக்கம்போல சுத்தி செய்த நாபியில் நாலு துண்டு மாதிரிக்காகப் புட்டியில் எடுத்து வைத்தாள் சொர்ணபாய். அவளாகப் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். கோபம் எத்தனை நாளைக்குத் தாங்கும், பார்க்கலாம்.

ஜூன் 14, வெள்ளி

வறுவேலுக்குப் பத்து நாள் குளிகை கொடுத்தேன். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. கல்யாணக் கார்டு தந்தார். கட்டாயம் வரணும், நான் நடக்குத நடைய நீங்க பாக்கணும் என்றார். வாசலில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கிக் காட்டினார். மருந்து இன்னும் பைக்குள்தான் இருந்தது.

ஜூன் 15, சனி

காலை ஒன்பது மணிக்கு அனிஷாவின் போன். அப்பாவுக்கு வாயைச் சுற்றி எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறதாம். உதடு மரத்துவிட்டதாம். வாந்தி, நிற்க முடியவில்லை. நேற்று இரவு ஒன்று, இன்று காலை ஒன்று போட்டிருக்கிறார்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோங்கள், நாபி சேர்ந்த மருந்து என்று அங்கே சொல்லுங்கள் என்றேன். நாங்களும் போனோம். அங்கிருந்த டாக்டரிடம் என்ன மருந்து, எவ்வளவு என்று நானே சொன்னேன். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது என்றார்கள். வறுவேலின் மனைவி என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

பிழைத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார்கள். கோயிலுக்குப் போகவில்லை. மீதிக் குளிகையை எண்ணிப் பூட்டிவைத்தேன். வேறு யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

மருந்து ஆய்வாளர் வந்தார். தன்மையான மனிதர். பதிவேட்டைப் பார்த்தார். நாக்குச் சோதனை சரி என்று என் கையெழுத்தோடு இருந்தது. அப்படியென்றால் தவறு எங்கே நடந்திருக்கும் என்று கேட்டார். கோமியத்தை ஒரு நாள் மாற்றாமல் விட்டிருக்கலாம் என்றேன். அது யார் வேலை என்றார். சொன்னேன். எழுதித் தர முடியுமா என்றார். எழுதித் தந்தேன். நிச்சயமாகத் தெரியும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

சொர்ணபாயைக் கூப்பிட்டுக் கேட்டார். மூணு நாளும் மாத்தினேன் சார் என்றாள். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டதற்கு அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 19, புதன்

சொர்ணபாயை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். விசாரணை முடியும்வரை என்றுதான் சொன்னேன். அது அவளுக்கும் நல்லது. அவள் அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து அதற்குத் தகுந்த பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் சாவியை மேசையில் வைத்தாள். தினமும் போகும் முன் செய்வது போலப் பூப் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். வாறேன் டாக்டரம்மா என்றாள்.

இவர் சாப்பிட வரவில்லை. பசியில்லையாம்.

ஜூன் 24, திங்கள்

கல்யாணம். நான் போகவில்லை, இவர் போய்வந்தார். வறுவேல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறது. கோயிலில் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்களாம். அனிஷாவைச் சித்தப்பா கைபிடித்து நடத்திக்கொண்டு போனாராம். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். நல்லா இருந்துது என்றார் இவர்.

ஜூலை 2, செவ்வாய்

பல் இருந்த இடம் ஆறிவிட்டது.

ஜூலை 10, புதன்

கடிதம் வந்துவிட்டது. பணியாளரின் கவனக்குறைவு என்று முடித்திருக்கிறார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கை, நாபி மருந்துக்கு ஆறு மாதம் தடை. மற்றபடி மருந்தறையைத் திறக்கலாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். கைகால் லேசான மாதிரி இருந்தது.

இவரிடம் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்து மடித்து உறைக்குள் போட்டார். மத்தியானம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே என் பேரைச் சொல்லிக் கேட்டார்.

"அண்ணைக்கு ஒனக்க சேலையில காப்பி எப்பிடி சிந்திச்சு, பிரிசி?"

எந்தக் காப்பி என்றேன். அவர் இன்னொரு பிடி சோற்றை வாயில் போட்டார். மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

கோமியம் கொண்டுவரும் பெண்களில் ஒருத்தியைக் கோயிலில் பார்த்தேன். சொர்ணபாய் முந்திரி ஆலையில் சேர்ந்திருக்கிறாளாம். இங்கே அண்டியாபீஸ் என்போம், கொட்டை உடைக்கும் வேலை. அதற்கு முன் இரண்டு வைத்தியசாலைகளில் போய்க் கேட்டிருக்கிறாள். வறுவேலைக் கொல்லப் பார்த்தவள் என்று வாசலோடு அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பெண் இதை வருத்தமாகத்தான் சொன்னாள். நானும் வருத்தமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன தைரியம் எனக்கு.

ஜூலை 16, செவ்வாய்

புட்டியில் எடுத்துவைத்த நாலு துண்டில் இரண்டை ஆய்வாளர் கொண்டுபோனார். இரண்டு என்னிடம் இருக்கிறது. ஒரு மாதமாக அந்த அலமாரியைத் திறக்காமல் அதைச் சுற்றியே வேலை செய்துகொண்டிருந்தேன். இன்று திறந்தேன். எப்போதும் எடுப்பதில் பாதி கிள்ளி நாக்கு நுனியில் வைத்துத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

மூன்று நிமிடத்தில் சுறுசுறுவென்று தொடங்கியது. பத்து நிமிடத்தில் நுனி மரத்துவிட்டது. சோதித்துப் பழக்கமில்லாதவருக்கும் தெரியும் அளவுக்கு இருந்தது.

ஆகவே எழுதுகிறேன். ஜூன் எட்டாம் தேதி மத்தியானம் எனக்கு நாக்கே இல்லை. இரண்டு ஊசியில் உதடு, நாக்கு, தாடை எல்லாம் யாருடையதோ போல இருந்தது. அந்த நாக்கில் நாபியை வைத்தால் என்ன தெரியும்? கல்லை வைத்தாலும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கும். கையெழுத்துப் போடும்போது எச்சில் வழிந்து பதிவேட்டில் சொட்டியது, அதைத் துடைத்துவிட்டுத்தான் போட்டேன். எனவே தெரியாமல் போட்டேன் என்று சொல்ல வழியில்லை. திங்களன்று அரைக்கும் முன் மறுபடி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது உண்மை. திங்களன்று வறுவேலின் தேதிதான் தலையில் இருந்தது.

நான் மூன்று நாள் என்றேன், அவள் மூன்று நாளும் மாற்றினாள். அவள் ஐந்து நாள் கேட்டாள். மெல்லிசாக நறுக்கினாள், அதையும் தடுத்தேன். பிறகு அவள் மேல் எழுதியும் கொடுத்தேன். வறுவேலுக்கு நான் செய்தது தவறு. சொர்ணபாய்க்குச் செய்ததற்கு அந்தப் பெயர் போதாது.

ஜூலை 21, ஞாயிறு

சொர்ணபாய் வீட்டுக்குப் போனேன். குழித்துறை ஆற்றுக்கு அந்தப் பக்கம். இவர் தானும் வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். பதினொரு வருடத்தில் அவள் வீட்டுக்கு நான் போவது இதுதான் முதல் தடவை. வழியில் இரண்டு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது.

உட்காரச் சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டாள். அவள் கைகளைப் பார்த்தேன். கொட்டை எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்து, நுனியில் தோல் உரிந்திருந்தது. பல் பிடுங்கியது, ஊசி, நாக்கு, கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன மன்னிப்பு வாசகமும் இருந்தது. அதற்குள் அவள் பேசினாள்.

"எனக்கு தெரியும் டாக்டரம்மா. அந்தக் காப்பிய நான்தானே தொடச்சேன். உங்களுக்க வாயி ஒரு பக்கமா தொங்கிக்கிட்டு இருந்துது."

அப்படியென்றால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எந்தக் குரலில் கேட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. மருந்தறைக் குரல். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் அதையே கொண்டுபோயிருக்கிறேன்.

அவள் கோபப்படவில்லை.

"கெழங்கு பெருசுன்னு ஒரு தடவ சொன்னேன். உங்கள்ட்ட ரெண்டாவது தடவ சொல்ல முடியுமா?"

ஆய்வாளர் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே என்று, இம்முறை மெதுவாகக் கேட்டேன். நீங்களா சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு நின்னேன் என்றாள். அன்று அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான். நான் அதைத் திமிர் என்று நினைத்திருந்தேன்.

வறுவேல் அண்ணனை நினைத்தால் தனக்கும் தூக்கம் வருவதில்லை என்றாள். தானும் வாயைத் திறக்கவில்லையே, பயந்து நின்றதும் ஒரு குற்றம்தானே என்றாள். அந்தப் பயமும் நான் கொடுத்ததுதான், அதில் உனக்குப் பங்கில்லை என்று சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை.

திரும்பி வருகிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"இந்தக் கைய வச்சு இனி மருந்து தொடப்பிடாது. அங்க சூப்பர்வைசரும் சத்தம் போடுவாருதான். ஆனா சொன்னா கேப்பாரு."

பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

ஆய்வாளருக்கு நாலு பக்கம் எழுதினேன். பல் டாக்டரின் சீட்டை இணைத்தேன். பணியாளர் மூன்று நாளும் முறைப்படி செய்தார், கூடுதல் நாள் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னார், நான் கேட்கவில்லை என்று தனியாக ஒரு பத்தி. இதற்கு முன் நான் எழுதிக்கொடுத்தது பொய் என்று இன்னொரு பத்தி. இதனால் என் உரிமம் போகும். இவர் வாங்கிப் படித்தார். ஒரு திருத்தமும் சொல்லாமல் உறையில் போட்டு, தன் கையால் முகவரி எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தார். ராத்திரி மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்றார்.

ஜூலை 25, வியாழன்

வறுவேலிடமும் போய்ச் சொன்னேன். அவர் உட்காரச் சொன்னார். அவர் மனைவி சொல்லவில்லை. உயிர் இருக்கு, அது போதும் டாக்டரம்மா என்றார் வறுவேல். பிறகு, அந்த நடை மட்டும்தான் போச்சு என்றார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

உரிமத்தை நிறுத்திவைத்து உத்தரவு வந்துவிட்டது. எத்தனை காலத்துக்கு என்பது விசாரணைக்குப் பிறகு தெரியும். அதன் நகல் சொர்ணபாய்க்கும் போயிருக்கிறது. அவள் பேர் அதில் சுத்தமாக இருக்கிறது. அவளை வாசலோடு அனுப்பிய இரண்டு வைத்தியசாலைகளுக்கும் நானே போய் உத்தரவைக் காட்டினேன். ஒருவர் அவளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் போவாளா தெரியாது, கை ஆற வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மருந்தறையைக் காலி செய்தேன். மீதி நாபியை ஆய்வாளரின் ஆட்கள் முத்திரை வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். மருந்து அரைக்கும் கல்வங்களைக் கழுவிக் கவிழ்த்தேன். பூப் படத்தில் தூசி படிந்திருந்தது, சொர்ணபாய் போனதிலிருந்து யாரும் துடைக்கவில்லை. எடுத்துத் துடைத்தேன். அழகான பூதான். ஆடுகளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் இரண்டாவது தடவை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். காப்பியைத் துடைத்துவிட்டு எழுந்து, டாக்டரம்மா, உங்கள் நாக்கு மரத்திருக்கிறது, நாளைக்கு வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால், நான் கேட்டிருப்பேன் என்று எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

கேட்டிருக்க மாட்டேன்.